திரும்பாத நட்டு

கோடு போடும் அக்கா என்பது பலர் வாயில் புழங்கிச் சுருங்கி ‘கோட்டக்கா’ ஆகிவிட்டது. கார்களுக்குச் சக்கரம் பொருத்துவது அவர் தொழில். சக்கரத்தை மாட்டி, நட்டுகளை இறுக்கி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷ் குப்பியை எடுத்து ஒவ்வொரு நட்டின் மீதும் ஒரு கோடு இழுப்பார். கோடு நட்டில் தொடங்கிச் சக்கரத்தின் தகட்டில் முடியும். அதற்கப்புறம் நட்டு ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். தன் நகத்துக்கு ஒரு நாளும் பூசாதவர், மாதம் இரண்டு குப்பி வாங்குவார். “யாருக்குக்கா இவ்வளவு?” என்று கடைக்காரப் பெண் ஒருமுறை கேட்டாளாம். “நாலு பொண்ணுங்க இருக்காளுங்க. நாலு பேருக்கும் ரப்பர் செருப்பு” என்றாராம் அக்கா.

நான் பெயிண்டர். அதே தகரக் கூரையின் அடுத்த பாதி என்னுடையது. நடுவில் ஒரு தார்ப்பாய்த் திரை. அக்காவைவிட நாலு வயது சின்னவன், கோபத்தில் மட்டும் பெரியவன். என் வேலையை யாராவது குறை சொன்னால் எனக்குக் கண்மண் தெரியாது. வெளியே பளபளவென்று அடித்துவிட்டு உள்ளே துருவை விட்டுவைக்கிறவர்களைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் பூசுகிறவன்தான் பெயிண்டர் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். இந்தக் கதைக்கு அது முக்கியம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. சாயங்காலம் ஷெட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். தெருமுனை வரை போய்விட்டு மூன்றாவது முறையும் வருவார். வீட்டிலும் இதே கதைதான்; அடுப்பை அணைத்தோமா என்று படுத்த பிறகும் எழுந்து போவார். அவர் வீட்டுக்காரர் தையல்காரர், பொறுமைசாலி. நான் மாமா என்று கூப்பிடுவேன். “எங்க வீட்டுக்குத் திருடன் வரவே மாட்டான்டா. எப்ப வந்தாலும் உங்கக்கா கதவுகிட்டதான் நிப்பா” என்பார். நாங்கள் சிரிப்போம், அக்கா சிரிக்க மாட்டார்.

இது அவருடன் பிறந்த குணமில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒரே பஸ் டிப்போவில் வேலை பார்த்தோம். அவர் சக்கரப் பிரிவு, நான் பெயிண்ட் பிரிவு. வருடாந்திரச் சோதனைக்காகத் தயாரான ஒரு பஸ்ஸின் முன்சக்கரம், மூன்றாம் நாள் ஓடும்போதே கழன்றது. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழன்ற சக்கரம் தனியாக உருண்டு போய், சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒருவரின் இடுப்பை உடைத்தது. அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். விசாரணையில் அக்காவிடம் ஒரே கேள்விதான்: “நட்டை இறுக்கினீங்களா?” ஒரு நாளைக்கு இருபது சக்கரம் மாட்டுகிறவர், அந்த ஒரு சக்கரத்தைத் தனியாக எப்படி ஞாபகம் வைத்திருப்பார்? “இறுக்கினேன்னுதான் நெனைக்கிறேன் சார்” என்றார். அந்த ‘நெனைக்கிறேன்’ ஒன்றே போதுமாக இருந்தது. சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அவருக்காக அதிகாரியிடம் சத்தம் போட்டதில் ஆறு மாதத்தில் என் சீட்டும் கிழிந்தது.

வேலை போனதுகூட அக்காவுக்குப் பெரிதில்லை. உண்மையிலேயே இறுக்க மறந்துவிட்டோமோ என்பதுதான் அவரைக் கறையானாக அரித்தது. கடிகாரக்காரர் பிழைத்துக்கொண்டார், நடைதான் போய்விட்டது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில்தான் இன்றுவரை வாழ்க்கை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா அவர் வீட்டுக்குப் போவார். வண்டிக்கு எண்ணெய் விடுவார், சக்கரத்தைச் சரிபார்ப்பார், கடைக்குப் போக வேண்டியிருந்தால் போய்வருவார். அந்த மனிதர் இவரை வா என்றும் சொன்னதில்லை, வராதே என்றும் சொன்னதில்லை.

இப்படியிருக்கையில்தான் மருந்துக்கடைக்காரரின் கார் வந்தது. அறுபது வயதுக் கார், அவருடைய அப்பா ஓட்டியது. அதன் சொந்தச் சக்கரங்கள் துருப்பிடித்து வீணாகிவிட்டதால், வேறொரு பழைய வண்டியின் சக்கரங்களை எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தார். அஞ்சு துளைக்கு அஞ்சு துளை சரியாக இருக்கிறதே, அப்புறம் என்ன என்பது அவர் கட்சி.

“கால் நுழைஞ்சுட்டா செருப்பு சரின்னு ஆயிடுமா சார்? நடந்து பார்க்கணும்ல?” என்றார் அக்கா.

நடந்து பார்த்தால் மூன்று இடத்தில் கடித்தது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன் டயர் மட்கார்டின் உள் விளிம்பில் உரசியது. எங்கே எவ்வளவு உரசுகிறது என்று கண்டுபிடிக்க, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை மட்கார்டுக்குள் உருட்டி ஒட்டிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினார். களிமண் நசுங்கிய இடம் கணக்குச் சொன்னது; அந்த அளவுக்கு விளிம்பைத் தட்டி மடக்கினார். சக்கரத்தின் நடுத் துளை பெரிதாக இருந்து, அச்சின் நடுவில் உட்காராமல் ஆடியது. லேத்துக்காரரிடம் சொல்லி இடைவெளிக்கு ஒரு வளையம் கடைந்து வாங்கினார். பழைய நட்டுகளின் அடிப்பாகம் கூம்பு, இந்தச் சக்கரத்தின் குழியோ உருண்டை. இரண்டுக்கும் ஒட்டாது என்று உருண்டை அடி நட்டுகளைத் தேடிப் பிடித்தார். நாலு நாள் இதே வேலை. கடைசியில் சக்கரங்கள் பெயிண்டுக்கு என்னிடம் வந்தன. பால் நிறம் கேட்டிருந்தார்கள். உள்ளும் புறமும் அடித்துக் கொடுத்தேன். “கண்ணாடி மாதிரி இருக்குடா” என்றார் அக்கா. அன்று முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை மருந்துக்கடைக்காரர், மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள் என்று ஐந்து பேர் அந்தக் காரில் மலைக்குப் போவதாக ஏற்பாடு. பதினாலு கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வண்டியை எடுக்க வருவார். வியாழன் சாயங்காலமே அக்கா சக்கரங்களை மாட்டிக் கோடும் போட்டாகிவிட்டது. வெள்ளி காலையில் முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்.

பத்தரைக்குத் திரும்பி வந்தவர், இன்ஜினை அணைத்துவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார்.

“என்னக்கா?”

“பின்னாடி இடது பக்கம். டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம்.”

இறங்கிக் குனிந்து பார்த்தார். ஐந்து நட்டிலும் ஐந்து சிவப்புக் கோடும் வைத்தது வைத்தபடி இருந்தன. அளவு வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும் ஸ்பானரை எடுத்து முதல் நட்டில் வைத்தார். டிக் வரவில்லை. கால் சுற்றுத் திரும்பிய பிறகுதான் வந்தது. இரண்டாவதும் அப்படியே, ஐந்தும் அப்படியே. மற்ற மூன்று சக்கரங்களிலும் இதே கதைதான், கொஞ்சம் குறைவாக.

“கோடு உடையல. ஆனா லூசா இருக்கு” என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுபடியும் அதையே சொன்னார். பிறகு திரையை விலக்கிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

“தம்பி, நீ பெயிண்ட் அடிக்கிறப்ப இந்தச் சக்கரத்துல ஏதாவது...”

கேள்வியை முடிக்கக்கூட நான் விடவில்லை. என்னையா குறை சொல்வது?

“உடனே என் தலையில கட்டிடுவீங்களா? கோடு உடையலன்னா நட்டு திரும்பலன்னு அர்த்தம். திரும்பாத நட்டு எப்படி லூசாகும்? மொதல்லேர்ந்தே லூசுதான். இறுக்க மறந்துட்டுக் கோட்ட மட்டும் போட்டிருக்கீங்க!”

சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கொட்டின வார்த்தையை அள்ள முடியுமா? அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. அங்கே கிடந்த பழைய டயரின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

“நேத்து அந்தச் சக்கரத்த மாட்டுறப்பதான் உங்க மாமா போன் பண்ணினாரு” என்றார். “பேசி முடிச்சுட்டு வந்து இறுக்கினேனா? இறுக்கினேன்னுதான்...” அந்த ‘நெனைக்கிறேன்’ வர வேண்டிய இடத்தில் நின்றுவிட்டார். அதை அவர் பதினெட்டு வருஷமாகச் சொல்வதில்லை.

போனை எடுத்தார். “மருந்துக்கடைக்காரர்கிட்ட சொல்லிடறேன். வேற எங்கயாவது காட்டிக்கட்டும். ரெண்டு புள்ளைங்க போற வண்டி. இனிமே நான் சக்கரத்தைத் தொடறதா இல்ல.”

அவர் சும்மா சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. இந்த வேலை போனால் அந்த மனுஷிக்கு வேறு எதுவும் இல்லை. எல்லாம் என் வாய்க் கொழுப்பால் வந்தது.

“மூணு மணி வரைக்கும் நேரம் இருக்குக்கா. மறுபடி இறுக்கி ஓட்டிப் பார்த்துடலாம். அதுக்கப்புறம் போன் பண்ணுங்க.”

போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப நீ இறுக்கு. நீயே கோடு போடு. நான் கிட்ட வரமாட்டேன்” என்று ஸ்பானரை என் கையில் வைத்துவிட்டு, சுவரோரமாகப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். “ஒவ்வொண்ணா சத்தமா எண்ணு.”

நட்டுகளைத் தளர்த்திவிட்டு, எதிரெதிராக இறுக்கினேன். ஒன்று, டிக். இரண்டு, டிக். ஐந்து முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு சுற்று. மற்ற மூன்று சக்கரங்களும் அதே மாதிரி. பழைய கோடுகளைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். முப்பது வருஷமாகப் பிரஷ் பிடித்த கை, நெயில் பாலிஷ் கோட்டைக் கோணலாகத்தான் இழுத்தது.

அக்கா ஓட்டினார். நான் பின் இருக்கையில் இடது ஓரம், அதாவது அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே. கல்குவாரிச் சாலையில் ஏறி இறங்கி வருவது என்று முடிவு. ஏற்றத்தில் சத்தமே இல்லை. எனக்குப் பாதி உயிர் வந்தது. அக்காவின் முகமோ கண்ணாடியில் இன்னும் சுண்டிப்போய்த் தெரிந்தது. சத்தம் வராவிட்டால், நேற்று அவர் மறந்தது உறுதியாகிவிடும். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு சக்கரம் ஒழுங்காக ஓடக் கூடாதே என்று வேண்டிக்கொண்ட முட்டாள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இறக்கத்தில் கல் லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. அக்கா பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கினார். ஐந்தாவது லாரி தாண்டியதும் என் காலடியில் ‘டொக்’ என்றது. ஒரே ஒரு தடவை. அப்புறம் ஒரு வளைவு. ‘டொக், டொக்.’

“அக்கா, நிறுத்துங்க!”

சிறிய பாலத்துக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினார். இறங்கி ஓடினேன். சக்கரத்தின் நடுவில் கை வைத்தால் சுட்டது. நான் போட்ட கோணல் கோடுகள் ஐந்தும் அப்படியே இருந்தன. ஸ்பானரை வைத்தேன். நட்டு வழவழவென்று திரும்பியது.

“கோடு உடையலக்கா” என்றேன்.

“யார் போட்ட கோடு?”

“நான் போட்டது.”

“யார் இறுக்கினது?”

“நான்தான்.”

“மறந்துட்டியா?”

“இல்லக்கா. இறுக்கினேன்.”

அக்கா தலையை ஒருமுறை ஆட்டினார். பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நட்டுகளை அங்கேயே இறுக்கிக்கொண்டு, இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி மறுபடி இறுக்கி, நடந்து போகிறவர்கள் எங்களை முந்திக்கொண்டு போகும் வேகத்தில் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினோம். சக்கரம் போய் உட்காரும் கறுத்த பிரேக் டிரம்மின் முகத்தில் வட்டமாக, பால் நிறத்தில், என் பெயிண்ட் அப்பிக்கொண்டிருந்தது. சக்கரத்தின் உள்முகத்தில் டிரம் பதிந்த இடமெல்லாம் பெயிண்ட் நசுங்கி, ஓரத்தில் மடிப்பு மடிப்பாகப் பிதுங்கி நின்றது. நட்டு உட்காரும் குழிகளில் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது.

“எத்தனை கோட்டு பெயிண்ட் அடிச்சே?” என்றார் அக்கா.

“பிரைமர் ஒண்ணு, கலர் ரெண்டு, மேல பளபளப்புக்கு லாக்கர். இந்தச் சக்கரம் சொரசொரப்பா இருந்துச்சுன்னு பட்டி போட்டு இன்னும் ரெண்டு.”

“உள்பக்கமும்?”

“உள்பக்கமும்.”

“நட்டு அசையல. நட்டுக்கும் டிரம்முக்கும் நடுவுல இருந்ததுதான் ஒல்லியாயிடுச்சு” என்றார். பிரேக் சூட்டில் பெயிண்ட் இளகி, நசுங்கி, பிதுங்கியிருக்கிறது. இரும்பும் இரும்பும் உட்கார வேண்டிய இடத்தில் நான் மெத்தை போட்டு வைத்திருக்கிறேன். “நானும்தான் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்குன்னு பாராட்ட வேற செஞ்சேன். தப்பு ரெண்டு பேர் மேலயும்தான். சுரண்டு.”

தின்னரும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு சக்கரத்தின் உள்முகத்தையும் குழிகளையும் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். முதல் சக்கரம் தேய்க்கும்போது கோபம், என் மேலேயே. இரண்டாவது சக்கரம் பாதியில் இருக்கும்போது கை தானாக நின்றது.

அந்த பஸ்.

சோதனைக்கு முன்னால் அந்த பஸ்ஸின் சக்கரங்களுக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். மற்றவர்கள் வெளிப்பக்கம் மட்டும் அடித்துத் தள்ளிவிடுவார்கள். நான் உள்பக்கமும் அடித்தேன், இரண்டு கோட்டு. “உள்ளகூட விடாம அடிச்சிருக்கான் பாரு, இவன்தான்டா வேலைக்காரன்” என்று மேலாளர் நாலு பேர் எதிரில் சொன்னார். பதினெட்டு வருஷம் அந்தப் பாராட்டைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். விசாரணையில் அக்காவுக்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சத்தம் போட்ட யோக்கியனும் நான்தான்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது, மறைக்கவில்லை. அக்கா இல்லாவிட்டால் எனக்குக் கூரையே இல்லை. என்னை இந்த ஷெட்டுக்குக் கூட்டி வந்தவரே அவர்தான். தலையை நிமிர்த்தினேன். அக்கா டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் மறுபடி தேய்க்க ஆரம்பித்தேன்.

ஒன்றரைக்குச் சக்கரங்களை மாட்டினோம். இந்த முறை அக்காவே இறுக்கினார், அவரே கோடு போட்டார். மறுபடி குவாரிச் சாலை, மறுபடி அதே இறக்கம், அதே லாரிகள். பாலத்தருகே நிறுத்தி ஸ்பானரை வைத்தார். வைத்ததுமே டிக். இருபது நட்டும் டிக்.

மூன்று மணிக்கு மருந்துக்கடைக்காரர் வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “பயமில்லாம போகலாமாம்மா? புள்ளைங்க இருக்கு” என்றார்.

“போகலாம். அம்பது கிலோமீட்டர்ல ஒரு தடவ நிறுத்தி, கோடு சரியா இருக்கான்னு பாருங்க, ஸ்பானரையும் வெச்சுப் பாருங்க” என்றார் அக்கா. அவர் பேச்சில் எந்தத் தயக்கமும் இல்லை.

வண்டி போன பிறகு ஷெட் வெறிச்சோடியது. பெருக்கினேன். பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினேன். ஆறு மணிக்கு அக்கா கை கழுவிவிட்டுச் சாவியை எடுத்தார். இனிமேல் தள்ளிப்போட்டால் என்றைக்குமே சொல்ல மாட்டேன் என்று பட்டது.

“அக்கா, அந்த பஸ்ஸு.”

அவர் திரும்பவில்லை.

“அந்தச் சக்கரத்துக்கும் நான்தான் அடிச்சேன். உள்பக்கமும். ரெண்டு கோட்டு.”

சாவிக் கொத்தின் சத்தம் நின்றது.

“டிரம்முல அந்த வட்டத்தப் பார்த்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ எப்ப சொல்லுவேன்னுதான் மத்தியானத்துலேர்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன். சொல்லாமலே வீட்டுக்குப் போயிருந்தா, நாளைக்கு உன் சாமான் எல்லாம் தெருவுல கெடந்திருக்கும்.”

நான் அழுதுவிட்டேன். ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, கையில் விளக்குமாற்றோடு அழுதேன். அக்கா சமாதானம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

“அப்ப நான் இறுக்கியிருக்கேன்” என்றார். “அன்னிக்கு இறுக்கியிருக்கேன்டா.”

“இறுக்கியிருக்கீங்கக்கா.”

முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டார். “நாளன்னிக்கு மாசத்து மொத ஞாயிறு. எண்ணெய்க் குப்பி மேல் தட்டுல இருக்கு. கடிகாரக்காரரு வண்டியில வலது பக்கச் சக்கரம் கொஞ்சம் முனகும், அதுக்கு ரெண்டு சொட்டு கூட விடணும். பதினெட்டு வருஷம் நான் போயாச்சு. இனிமே நீ போ. போய் அவர்கிட்டயும் சொல்லு.”

வெளியே வந்து கதவைச் சாத்தினார். பூட்டினார். ஒருமுறை இழுத்துப் பார்த்தார். நடந்தார். நான் வழக்கம்போல ஓரமாக ஒதுங்கி, அவர் திரும்பி வர வழிவிட்டு நின்றேன். தெருமுனை வந்தது, அக்கா திரும்பிப் பார்க்காமலே வளைந்து போய்விட்டார்.

நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். நாலு எட்டு வைத்ததும் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்தேன்.